அடுப்புப் பரணில் காய்ந்த கம்ப்யூட்டர்

கீழ்ப் பிரிவு,
மஸ்கெலியா.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரியந்திக்கு, அப்பா எழுதுவது.

நீ அங்கே நல்ல சுகத்தோடு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், அப்படி நினைக்காவிட்டால் எழுத்து ஓடாது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். இந்த இடத்தில் நாங்களும் சுகம் என்று எழுதுவது வழக்கம், நானும் எழுதிப் பார்த்தேன், பொய் மாதிரி இருந்தது, கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறோம், அம்மா மறுபடி கொழுந்து எடுக்க மலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், நான் எப்போதும் போல தேயிலை ஸ்டோருக்குப் போய் இலை காய வைக்கிற மிஷின் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறேன். இதற்குப் பெயர் சுகம் என்றால் சுகம்தான்.

கையில் போன் இருக்க அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். இதைப் போனில் சொல்ல வழியில்லை பிள்ளை. நீ எடுக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். வரிசையாக ஒட்டிக் கிடக்கிற இந்த லயத்து வீடுகளுக்குள்ளே சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது, கோயில் மேட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் அவளும் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுகிறாள். வாய்ஸ் அனுப்பலாம் என்றால் போனில் கிடக்கிற வாய்ஸ் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள், வந்தது போனது என்று பார்ப்பதில்லை. எழுத்தை அமுக்கி அனுப்பலாம் என்றால் என் விரலுக்கு ஒரு தடவைக்கு ரெண்டு எழுத்து சேர்ந்து விழுகிறது, நான் எழுதி முடிப்பதற்குள் நீ லீவில் வந்து சேர்ந்துவிடுவாய். நல்ல வேளையாக டிக்கோயாப் பக்கத்திலிருந்து லோஜினி என்கிற பிள்ளை லீவுக்கு வந்திருக்கிறது, அதுவும் மஸ்கட்டில்தான் வேலை செய்கிறதாம், வருகிற வாரம் திரும்பிப் போகிறது. அதன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். யாரும் பிரிக்க மாட்டார்கள், பசை போட்டு நன்றாக ஒட்டியிருக்கிறேன். இது உன் கைக்கு வரும் வரைக்கும் நீ போன் எடுத்தால் சிக்னல் இல்லை என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்குப் பதில்தான் இது. தம்பியின் கம்ப்யூட்டரில் இருக்கிற படங்களை எப்படியாவது எடுத்து அனுப்புங்க அப்பா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சுற்றி வளைத்துச் சொல்ல இப்போது எனக்குத் தெம்பில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படங்கள் கிடைக்காது. கம்ப்யூட்டர் போய்விட்டது, அதற்குள்ளே இருந்ததும் போய்விட்டது. எப்படிப் போனது என்று கீழே எழுதுகிறேன். கடைசி எழுத்து வரைக்கும் படித்துவிட்டுத்தான் நீ போனை எடுக்க வேண்டும், பாதியில் எடுத்துவிடாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும்.

தம்பி போய் ரெண்டு மாதம் முடியப்போகிறது. ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போய் ஆட்டோவில் திரும்பி வரும்போது காற்றுக்கு மரம் விழுந்தது, அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, உனக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும். அவன் போனும் அந்த மரத்தோடு போயிற்று. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் அவன் மேசை மட்டும் அப்படியே கிடந்தது. நீ மஸ்கட்டுக்குப் போன முதல் வருஷம் அவனுக்கு வாங்கிக் கொடுத்தாயே, அந்தக் கம்ப்யூட்டரும், அதைச் சுற்றி ஊரார் அவனிடம் திருத்தக் கொடுத்த போன்களும். நீ அங்கே இருந்ததால் அந்தக் கூட்டத்தை நீ சரியாகப் பார்த்ததில்லை. இந்த லயத்தில் யார் புதுப் போன் வாங்கினாலும் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவந்து அவன் கையில்தான் கொடுப்பார்கள், சாமி கும்பிட்டு ஆரம்பிச்சுக் குடு தம்பி என்பார்கள். அவனும் சிரிக்காமல் பெட்டிக்குத் திருநீறு பூசிவிட்டுத்தான் பிரிப்பான், பிறகு உள்ளே வந்து எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கிழவிகளுக்கு எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுப்பான், பெயர் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மகன் முகம் மகள் முகம் தெரிகிற மாதிரி செய்து கொடுப்பான், முகத்தைத் தொட்டால் அவர்களுக்குப் போன் போய்விடும். போனில் இடமில்லை இடமில்லை என்று சொல்லி நம் எல்லார் போனிலும் இருந்த படங்களை உருவிக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்ததும் அவன்தான், நீ போன தடவை லீவில் வந்தபோது உன் போனிலிருந்தும் எடுத்தான், நினைவிருக்கும். நம் வீட்டுப் படம் என்று இருந்தது எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தது.

இப்போது அம்மா செய்ததைச் சொல்ல வேண்டும். படித்துவிட்டு அவள் மேல் கோபப்படாதே. தம்பியை அடக்கம் செய்த வாரம் இங்கே மழையும் பனியும் எப்படி இருந்தது என்று உனக்குச் சொன்னேன். கதவை மூடினாலும் மூடுபனி உள்ளே வந்து பாயில் படுத்துக்கொள்கிற காலம். உப்பு தண்ணீராகிவிட்டது, தீப்பெட்டி பிடிக்கவில்லை, கொடியில் போட்ட வேட்டியில் பூஞ்சணம். வீட்டில் ஆள் மேல் ஆள். அந்தச் சந்தடிக்குள்ளே அம்மாவுக்கு ஒரே கவலை, மேசையில் கிடக்கிற அடுத்தவர்கள் சாமான். புள்ள இல்லாத நேரத்துல நம்ம வீட்ல கெடந்து பூத்துப்போச்சுன்னு ஒருத்தரும் சொல்லிறக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் தன் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு போனையும் தனித்தனியாகச் சுற்றி, பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கி, கம்ப்யூட்டரைக் கோதுமை மாப் பைக்குள் போட்டு வாயைக் கட்டி, எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் ஏற்றிவிட்டாள். நம் வீட்டில் எது கெடக் கூடாதோ அது அங்கேதானே போகும். விறகு, கருவாடு, அவரை விதை, தீப்பெட்டி, உன் பள்ளிக்கூடச் சான்றிதழ் கூட ஒரு மாரி முழுக்க அங்கேதான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் சரி என்றுதான் பட்டது. பச்சை இலையே சூட்டுல காஞ்சாத்தான கெடாம கப்பல் ஏறுது, இது கெட்டுருமா என்று அம்மா கேட்டாள். ஸ்டோரில் வேலை செய்கிறவன் நான், ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆனால் வழக்கமாகக் காலையும் சாயந்தரமும் எரிகிற அடுப்பு அது. அந்த மாதம் அணையவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வட்டவளையிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி, கருமாதி வரைக்கும் சமையல். ஈர விறகு, புகை கண்ணைக் கரித்தது, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார்கள், எது புகைக்கு எது துக்கத்துக்கு என்று தெரியாது. அந்தச் சூடும் புகையும் பரணுக்குத்தான் போனது. யாருக்கும் நினைப்பு வரவில்லை.

கருமாதி முடிந்த பிறகு நீ படங்களைக் கேட்டாய். அம்மாதான் ஏறி மாப் பையை இறக்கினாள், முந்தானையால் கரியைத் துடைத்து மேசையில் பழைய இடத்திலேயே வைத்தாள். நீ வாய்ஸில் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் வரிசையாகச் செய்தேன். சாயந்தரம் லயம் முழுக்க கரண்டு அடுப்பு போடுகிற நேரம் பல்பே மினுக்கட்டான் பூச்சி மாதிரி ஆகிவிடும், அதனால் பகலில் போடச் சொன்னாய், பகலில் போட்டேன். சார்ஜர் விளக்கு எரிந்தது. பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்துவிட்டு விடச் சொன்னாய், விட்டேன். காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது, நின்றது, பிறகு கறுப்புத் திரையில் இங்கிலீஷில் வெள்ளையாக ரெண்டு வரி வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து டிக் டிக் என்று விட்டு விட்டு ஒரு சத்தம். அம்மா காதை வைத்துக் கேட்டுவிட்டு, பல்லி சொல்லுது பாருங்க, வந்துரும் என்றாள். நான் உன்னிடம் அன்றைக்குக் கரண்டு போய்விட்டது என்று சொன்னேன், கரண்டு போகவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு வயரில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னாயே, அதற்காகத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடிப்பக்கம் பேக்கரி பணிஸ் மாதிரி உப்பியிருந்தது தெரிந்தது. கழற்ற வரவில்லை. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, மறுநாள் பையில் போட்டுக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஹட்டனில் தம்பி எப்போதும் சாமான் வாங்குகிற ராசிக் நானாவின் கடைக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், தம்பி உட்காருகிற ஸ்டூலை இழுத்துப் போட்டார். கம்ப்யூட்டரைக் கவிழ்த்து ஆணிகளைக் கழற்றித் திறந்ததும் கடை முழுக்க நம் வீட்டுக் குசினி அடுப்புப் புகை வாசம் அடித்தது. காற்றாடியின் இதழெல்லாம் கரி, தார் பூசின மாதிரி. அவர் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, அண்ணே, இது தூசி இல்ல, பொக, எங்க வெச்சிருந்தீங்க என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் செல்றத கேளுங்க, இந்த பேட்டரி சூட்டுல வெடிச்சிருந்தா லயமே எரிஞ்சிருக்கும், வேற ஏதும் மேல இருக்கா என்று கேட்டார். டின்னில் மற்றப் போன்களும் இருக்கிறது என்றேன். கடையை அப்படியே இன்னொருவரிடம் விட்டுவிட்டு என்னோடு ஆட்டோவில் வந்து அந்த டின்னை எடுத்துக்கொண்டு போனவர் அவர். அம்மாவிடம், ஆளுங்க கேக்குறாங்க அக்கா, நான் முடிச்சுக் குடுத்துர்றேன் என்று மட்டும் சொன்னார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, ஒண்ணும் பூக்கலையே தம்பி, பத்திரமாத்தான் வச்சிருந்தேன் என்றாள். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, பத்திரமாத்தான் இருக்கு அக்கா என்றார்.

போன்களில் பேட்டரியைக் கழற்றித் தந்தார், உள்ளே எல்லாம் உருகிப்போயிருந்தது. ஒன்றும் பிழைக்கவில்லை. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. முதலில் நம் லயத்து நிஷாந்தியைத் தண்ணீர்ப் பீலியில் பிடித்து உள்ளதைச் சொன்னேன், அவளுடைய பழைய போனும் அதில் இருந்தது, சின்னவன் படிக்கிறதற்கு வைத்திருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டாள். சாயந்தரம் நேரே வீட்டுக்கு வந்தாள், அம்மா இருக்கும்போதே என் கையிலிருந்து போனை வாங்கி, பக்கத்துப் பட்டனை அமுக்கி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, ஆ, வந்துருச்சு பெரியம்மா, தம்பி கை வச்சா வராம இருக்குமா என்று சொல்லிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். பேட்டரி இல்லாத போன் அது. இந்த லயத்தைப் பற்றி உனக்குத் தெரியுமே, முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் நூறு என்பார்கள். மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் வேலை செய்ததாம். பக்கத்து வீட்டு மூக்கன் தாத்தா திருத்தக் கொடுத்து, போன்களோடு பரணில் ஏறியிருந்த ரேடியோ ஒன்றுதான் நிஜமாகவே பிழைத்தது, அது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், அதற்குப் புகை ஒரு பொருட்டில்லை. அவர் இப்போது அதைச் சுவரோடு ஒட்டி வைத்து அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் போடுகிறார், விடிய முன்னமே தொடங்கிவிடும், யாரும் குறைக்கச் சொல்வதில்லை.

அழகுமுத்துவைச் சொல்லாமல் விடக் கூடாது. கொழுந்து லொறியில் போகிறவன், உனக்கு மாமா முறை. அவன் தினமும் வேலை விட்டு வரும்போது நம் வாசலைக் கடக்கையில் அந்தச் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு லிந்துலையில் இருக்கிற மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டு போகிறான். நேருக்கு நேர் நின்றாலே அவன் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டு வரும்போது சட்டைப்பையில் இருந்த இன்னொரு போன் அடித்துவிட்டது. அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டு இருக்கிறாள். அவன் திகைத்து நின்று, காதில் இருந்ததைப் பார்த்து, இருங்க மச்சான் இன்னொரு லைன்ல ஆள் வர்றாங்க என்று சொல்லிவிட்டு மற்றதை எடுத்தான். அவன் போன பிறகு அம்மா, அழகுமுத்து ரெண்டு போன் வச்சிருக்கான், பெரிய ஆளாயிட்டான் என்றாள். அது சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. இப்படித்தான் இருக்கிறேன் பிள்ளை. அடக்கம் செய்த அன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை, எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் யாருடைய காலோ மாதிரி இருக்கும், அந்த மாதிரி நான் முழு ஆளும் இருக்கிறேன். கால் என்றால் கொஞ்ச நேரத்தில் முள் குத்துகிற மாதிரி உணர்ச்சி திரும்பும். எனக்கு இன்னும் திரும்பவில்லை. திரும்பும்போது எப்படி இருக்குமோ என்று நினைத்தால் இப்படியே இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

கம்ப்யூட்டருக்கு வருகிறேன். படங்கள் இருக்கிற தட்டை ராசிக் நானா தனியாகக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார், அங்கேயும் அந்தப் பல்லிச் சத்தம்தான். இங்க ஏலாது, கொழும்புல எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார், செத்த தட்டுல இருந்தும் எடுப்பார், அனுப்பிப் பாப்பம் என்றார். அனுப்பினார். அதுதான் நான் உன்னிடம் வேலை நடக்கிறது நடக்கிறது என்று சொல்லிக்கொண்டு இருந்த நாட்கள். நானும் நம்பித்தான் சொன்னேன். போன வாரம் அவர் போன் எடுத்து, அண்ணே, லீவு நாள்ல ஒருக்கா வந்துட்டுப் போங்களே என்றார். நல்ல செய்தியாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பார், எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, இருந்தாலும் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். தட்டை ஒரு சின்னப் பையில் போட்டு என் கையில் வைத்து, ஒண்டும் எடுக்க ஏலாதாம் அண்ணே என்றார். ஒன்று கூடவா என்று கேட்டேன். ஒன்று கூட இல்லை என்றார். அவருடைய கண்தான் கலங்கியது. நான் தேத்தண்ணி குடித்தேன், பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன், ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது, இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கினேன். ஒரு பிழையும் விடவில்லை.

வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே அம்மா கேட்டாள், படம் வந்துச்சா, புள்ளைக்கு அனுப்பியாச்சா என்று. அடுப்பங்கரையில் நின்றாள், தலைக்கு மேலே அந்தப் பரண். இவள் பத்திரமாக வைத்தேன் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறாள், அந்த நினைப்பு ஒன்றுதான் அவளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை எப்படிப் பிடுங்குவேன். நிஷாந்தியும் அழகுமுத்துவும் ஊர் மனுஷர்கள், அவர்களே இவ்வளவு செய்யும்போது கட்டின புருஷன் வாயிலிருந்து வேறு என்ன வரும். வந்துருச்சு, எல்லாத்தையும் ராசிக் நானா பிரியந்தி போனுக்கு அனுப்பிட்டாரு என்று சொல்லிவிட்டேன். நீங்க பாத்தீங்களா என்றாள். இல்ல, நான் பாக்கல என்றேன், அது மட்டும் உண்மை. அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, எனக்கும் இப்ப வேணாம், என்னால ஏலாது, அவ பாத்தாப் போதும் என்றாள். அன்றைக்குத்தான் அவள் தம்பி போனதற்குப் பிறகு முழுசாகத் தூங்கினாள். ஒருநாள் காட்டுங்க என்று கேட்பாள், அதுவும் எனக்குத் தெரியும். அந்த நாள் வரட்டும், வந்தால் பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் கொஞ்சம் தூங்கட்டும்.

மற்ற செய்திகள் அதிகம் இல்லை. லிந்துலை அத்தைக்கு முழங்கால் வலி, நீ அனுப்பிய தைலம் நல்லது என்கிறாள், வரும்போது இன்னும் ஒன்று கொண்டு வா. கூரைத் தகரம் இஸ்தோப்புப் பக்கம் ஒழுகுகிறது, மழை விட்டதும் ஏறிப் பார்க்க வேண்டும். நாயைச் சிறுத்தை தூக்கிவிட்டது, அதற்கு அழுதவர்கள் கூட உண்டு. நீ புதுசாக வேறு கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பாதே, இங்கே அதை ஆரம்பித்துக் கொடுக்க ஆள் இல்லை. உன் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடாதே, உங்கள் மேடம் வீட்டுக் குசினியிலும் அடுப்புப் பக்கத்தில் வைக்காதே. இனிமேல் எடுக்கிற படத்தை ஒரு இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது, ரெண்டு மூன்று இடத்தில் வைக்க வேண்டும் என்று ராசிக் நானா உனக்குச் சொல்லச் சொன்னார். மேடத்தின் பிள்ளைகள் தொந்தரவு செய்தால் பொறுத்துக்கொள், சின்னப் பிள்ளைகள்தானே. பட்டினி கிடக்காதே. அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டு இருக்காதே, அதில் உன் பிழை ஒன்றும் இல்லை, நீ வந்திருந்தாலும் மண்ணைத்தான் பார்த்திருப்பாய்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, லீவில் வரும்போது பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடாதே. உனக்கு அந்தப் படங்கள் எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும், கேட்டது நீதான், கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் போனதும் உனக்குத்தான். அழ வேண்டியதை அங்கேயே அழுது முடித்துவிடு. வெள்ளிக்கிழமை போன் எடுக்கும்போது குரல் கட்டியிருக்கக் கூடாது, அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

நம் மாரியம்மா உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள், நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் நீ வீடு வந்து சேர வேண்டும், எங்கள் ரெண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. மறந்துவிடாமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா கேட்பாள், படம் எல்லாம் வந்துச்சா என்று. வந்துச்சு என்று சொல். நிறைய இருக்கா என்பாள். இருக்கு என்று சொல். சுவரில் நாங்கள் மாட்டியிருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெரிசாக்கியது, அதில் அவன் யாரோ மாதிரி முறைத்துக்கொண்டு இருக்கிறான், அவள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. அதனால் கடைசியில் இதைக் கேட்பாள், தம்பி எப்படி இருக்கான் அதுல என்று. சிரிச்சுக்கிட்டு இருக்கான்மா என்று சொல். கொஞ்சம் நிதானமாகச் சொல், எந்த இடம், என்ன சட்டை, பக்கத்தில் யார் என்று உனக்குத் தோன்றியதைச் சேர்த்துச் சொல். ஸ்பீக்கரில்தான் இருக்கும். நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லசாமி